தட்டுக்கு ஒரு மெத்தை

குழம்புக் கிண்ணம் மூன்றாவது முறையாகச் சரிந்து வசந்தாவின் மடியில் கவிழ்ந்தபோதுதான், இலவம்பஞ்சு சரிப்படாது என்று காந்தா ஒப்புக்கொண்டாள்.

“இன்னாடி இது! தட்டுக்கு விரிப்பு தெக்க சொன்னியா, தலகாணி தெக்க சொன்னியா?” வசந்தா புடவையை உதறினாள். லைட்ஹவுஸ் குப்பத்தின் அந்தத் தெருவில் தையல் மெஷின் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் பொறுமையையும் அவள்தான் வைத்திருக்க வேண்டியிருந்தது.

“போட்டோவ பாரு. எப்டி தட்டையா, மெத்துனு கீது!”

அந்தப் படத்தைப் பார்க்காதவர் குப்பத்தில் கிடையாது. மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்க்கும் காந்தாவின் புருஷன் சின்னப்பன் அனுப்பியது. பளபளக்கும் மேசை, மேலே பூப்போட்ட கனத்த துணி விரிப்பு, அதன்மேல் வெள்ளைத் தட்டு. ‘சாப்பாட்டு மேச எப்டி?’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

போய் நான்கு வருஷம். நாளை மறுநாள் ஒரு மாத லீவில் வருகிறான். அப்படிச் சாப்பிட்டுப் பழகியவன் இங்கே வெறுந்தரையில் தட்டைக் கண்டால் அந்த ஒரு மாதமாவது தங்குவானா என்பதுதான் காந்தாவின் பயம். தட்டுக்கு அடியில் மெத்தை இருந்தால் திரும்பிப் போகவே அவனுக்கு மனசு வராது என்று நம்பினாள்.

“தட்டையா வேணும்னா நண்டு வலைய மடிச்சி வெச்சிடலாம். இத்தினி வருசம் தண்ணியில கெடந்துச்சி, குழம்பு இன்னா பண்ணும்?” என்றாள்.

குழம்பு ஒன்றும் பண்ணவில்லை. சட்டியின் சூடுதான் பண்ணியது. நைலான் உருகி, சட்டியும் விரிப்பும் நாத்தனார் வீட்டிலிருந்து தூக்கி வந்த பிளாஸ்டிக் மேசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நண்டு வாசனைக்கு வாசலில் ஒன்பது பூனைகள் வந்து உட்கார்ந்தன.

“பந்திக்கு ஆளு வந்தாச்சி. இதுங்களுக்கும் ஒண்ணொண்ணு தெச்சிடவா?” என்றாள் வசந்தா.

காந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியைக் கரண்டியால் நெம்பி எடுத்துவிட்டு, கொழுந்தன் ரமேஷின் லைஃப் ஜாக்கெட்டைக் கிழித்து உள்ளிருந்த நுரை அட்டையை உருவினாள். ஆளையே தாங்குகிறது, ஒரு தட்டுச் சோற்றைத் தாங்காதா?

தாங்கவில்லை. சூடு பட்டதும் சுருண்டு அப்பளமானது. சாயங்காலம் ரமேஷ் வந்து நின்றான்.

“அண்ணி! என் ஜாக்கெட்டு ஏன் எலும்புந்தோலுமா கீது?”

“உங்க அண்ணனுக்காகதான்.”

“அவுரு பிளேன்ல தான வராரு? நீஞ்சிக்கினா வராரு?”

ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக் கூடாது என்று கூட்டாளிகள் மறுத்துவிட்டார்கள். அண்ணனுக்கென்று அவன் பிடித்து வருவதாக இருந்த கொடுவா மீனும் போயிற்று.

“மெத்துனு இருக்கணும், சூடும் தாங்கணும்னா, தோச்சி தோச்சி நைஞ்ச பருத்திதான்டி சரி. வூட்ல எதுனா கீதா?” என்று வசந்தா கேட்டாள்.

இருந்தது. முதல் நாளிலிருந்தே காந்தாவுக்கு அது தெரியும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குப் போன அன்று சின்னப்பன் அவிழ்த்து ஆணியில் மாட்டிய பச்சைக் கட்டம்போட்ட கைலி. முதல் வருஷம் முழுக்க அவள் அதைத் துவைக்கவே இல்லை. அவன் வாசனை போய் எத்தனையோ நாளாகியும், கன்னத்துக்கு அடியில் அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவனுக்காக அவள் ஏங்கிய ஏக்கமெல்லாம் அந்தக் கைலிக்குத்தான் தெரியும்.

“நீயே வெட்டு. நா பாக்கல,” என்று திரும்பிக்கொண்டாள்.

நாலு மடிப்பு வைத்து இரண்டு விரிப்பு தைத்தார்கள், அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. சட்டி சரியவில்லை, சூடு மேசைக்கு இறங்கவில்லை.

“இத மொதல்லயே குடுத்திருந்தா என் பொடவ பொழச்சிருக்கும்,” என்ற வசந்தா, காந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சொன்ன நாளில் சின்னப்பன் மத்தியானம் வந்தான். மஸ்கட்டில் அதே வீட்டில் டிரைவராக இருக்கும் பக்கத்துக் குப்பத்துத் தருமன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். சின்னப்பன் இளைத்திருந்தான். வந்ததும் ஆணியைத்தான் பார்த்தான்.

“காந்தா, என் பச்ச கைலி எங்க?”

“வா, காட்டுறேன்.”

மேசையில் இரண்டு விரிப்பு, இரண்டு தட்டு. கொடுவா இல்லாததால் கருவாட்டுக் குழம்பு. மேசையைப் பார்த்ததும் சின்னப்பன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. உட்காரவில்லை. குனிந்து விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நேராக்கினான். தம்ளரை வலப்பக்கம் நகர்த்தினான். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

காந்தா நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். “ஏன்யா நிக்கிற? அங்க மாரி இல்லியா?”

பெட்டியை இறக்கி வைத்த தருமன் தலையைச் சொறிந்தான்.

“அண்ணி, அந்த மேசையில அண்ணன் ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. மொதலாளிங்க சாப்ட்டு எழுந்திரிக்கிற வரிக்கும் இப்டிதான் நிப்பாரு.”