முள் இல்லாத தூண்டில்

சூளகிரியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது இடது செருப்பின் வார் அறுந்தது. முதுகில் ஒரு பை, கையில் அறுந்த செருப்பு, பின்னால் ஓசூர். வேலை போன ஊரிலிருந்து நடந்தே வெளியேறுவது எனக்குப் புதிதில்லை. திருப்பூரிலிருந்து அப்படித்தான் கிளம்பினேன், சேலத்திலிருந்தும் அப்படித்தான். இந்த முறை ஒரே ஒரு வித்தியாசம். "கிருஷ்ணகிரிக்குப் போ, அங்க வேல இருக்குது" என்று திசை காட்டி அனுப்பியவர் புண்ணாக்கு அண்ணன். ஆகவே போகிற இடத்தில் வேலை இருக்காது என்பது ஏறக்குறைய உறுதி.

காரணம், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் தண்ணீர் தேங்கிய எந்தக் குழியைப் பற்றியும் வாழ்நாளில் ஒரு தடவைகூட நிஜம் பேசாத மனிதர் அவர். மற்ற விஷயங்களில் அரிச்சந்திரன்தான். டீக்கடையில் தான் தின்ற போண்டாவைத் தானே முந்திக்கொண்டு சொல்வார். ஆனால் "அண்ணா, கெண்டை எங்க கடிக்குது?" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் மாறிவிடும். தமிழில் கேட்டால் கிழக்குக் கரை என்பார். கன்னடத்தில் கேட்டால் மேற்குக் கரை. தெலுங்கில் கேட்டால் அந்த ஏரியில் மீனே இல்லை, எல்லாம் செத்துப்போச்சு என்பார். கேட்ட மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இதே பதில்கள்தான்.

நிஜப் பெயர் கம்பெனி அட்டையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் கடலைப் புண்ணாக்கு இருக்கும். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும். மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் நானும் அவரும் ஒரே அறை. வண்டிக்கு உதிரி பாகம் வார்க்கும் கம்பெனியில் இருவருக்கும் கான்ட்ராக்ட் வேலை. வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். தும்மினால் கைக்குட்டை கறுப்பாகும். எனக்கு அந்த வேலையில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவன் நான்.

ஒரு நாள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். உள்ளே தவிடும் புண்ணாக்கும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிசைந்த உருண்டைகள்.

"இன்னா அண்ணா இது?"

மீன் இரை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த ஏரி என்று வருமே! அண்ணன் கண் சிமிட்டாமல் சொன்னார்: "எங்க அக்கா ஊர்ல இருந்து குடுத்தனுப்பிச்ச கம்பு லட்டு."

செக்யூரிட்டி ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். முழுங்கினார். "வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றார். அடுத்த வாரம், "அக்கா லட்டு அனுப்பலியா?" என்று கேட்டு வாங்கியும் தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓர் ஏரி. குத்தகைக்காரர் அவ்வப்போது வலை போடுவார், தூண்டில்காரர்களைக் கண்டுகொள்வதில்லை. அதன் கரையில் புளியமரம் சாய்ந்திருந்த ஒரு முனைதான் அண்ணனின் நிஜமான இடம். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், ஏரியை மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தார். காற்று சருகுகளை எந்தப் பக்கம் ஒதுக்குகிறது, அடியில் மேய்கிற மீன் விடுகிற குமிழி எங்கே வரிசையாக வருகிறது என்று பார்த்தார். குப்புறப் படுத்துக் கரை மண்ணில் காது வைத்தும் கேட்டார். ஆடு மேய்க்கிற ஒரு அம்மா பயந்துபோய் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

அந்த இடத்தைக் காப்பாற்ற அவர் செய்த வேலை இருக்கிறதே, அதில் பாதியைக் கம்பெனியில் செய்திருந்தால் நிரந்தரமாக்கியிருப்பார்கள். வார நாளில் ஷிப்ட் முடிந்து ஆள் இல்லாத நேரத்தில்தான் புளியமரத்து முனைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை, ஊரே தூண்டிலோடு வரும்போது, ஏரியின் எதிர்முனையில் மதகடியில் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல விடியும்போதே துண்டை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுவார். அப்புறம் நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து மீன் பிடிப்பதுபோல நடிப்பு. தூண்டிலில் நரம்பு உண்டு, தக்கை உண்டு, முள் மட்டும் கிடையாது. முள் இருந்து தவறிப்போய் ஒரு மீன் சிக்கினால் நடிப்பு கெட்டுவிடுமாம்.

"மீன் சிக்கினா நல்லதுதானண்ணா?"

"போடா. நாலு பேரு பாத்துக்கினு இருக்கறப்ப பொய்யான எடத்துல மீன் சிக்குனா என் மரியாத என்னாவறது?"

நடிப்பில் குறை வைக்க மாட்டார். கை நிறையப் புண்ணாக்கு உருண்டைகளை மதகடியில் வீசிக்கொண்டே இருப்பார். புண்ணாக்கு கரைந்தால் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் பளபளக்கும். அதைப் பார்த்து, "ஓ, இங்கதான் இரை போடறாரு" என்று மற்றவர்கள் அவருக்கு இருபுறமும் நெருக்கியடித்து உட்கார்ந்து, இரை விழுகிற இடத்துக்குத் தூண்டில் எட்டாமல் ஏமாந்து போவார்கள். புளியமரத்து முனையிலோ ஒரு சிட்டிகை வீச மாட்டார். அங்கே எண்ணெய் மிதந்தால் இடம் வெளியே தெரிந்துவிடுமே. முள்ளில் கோர்க்கிற இரை மட்டும்தான்.

இப்படியே பல மாதம் போனது. புளியமரத்து முனையில் சிக்குகிற கெண்டை வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தது. அண்ணன் ஆற்றிலிருந்து ஏரிக்கு வந்த ரசாயன நுரையைத் திட்டினார், அமாவாசையைத் திட்டினார், கரைக்குப் புதிதாகப் போட்ட உயரக் கம்பத்து ஹைமாஸ் விளக்கைத் திட்டினார்.

அப்போதுதான் கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. கான்ட்ராக்ட் ஆட்களில் யாருக்குக் கேட் பாஸ் நீடிக்கும் என்று தீர்மானிக்கிறவர் பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்துபோகும் ஒரு இன்சார்ஜ். பெங்களூர் சார் என்போம். எங்கள் முகங்களை அவர் பார்த்ததேயில்லை. ஒரு நாள் அண்ணன் முன்னால் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனப்பா, மீன் புடிப்பியாமே நீ? மீனு எல்லி, எங்க சிக்குது? நல்ல ஸ்பாட் ஒண்ணு காட்டு. சண்டே வரேன்."

அண்ணன் கை தானாகவே மேற்கே உயர்ந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

அன்று அறைக்கு வந்ததும் அவர் காலில் விழாத குறை. "அண்ணா, ரெண்டு பேர் பாஸும் அந்த ஆள் கையில இருக்குது. இந்த ஒரு தடவ மட்டும் நெசமான எடத்தக் காட்டுண்ணா."

"காட்டறன்டா."

"மதகுக்குக் கூட்டிட்டுப் போயிட மாட்டியே?"

"காட்டறன்னு சொல்றன் இல்ல?" என்று கத்தினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன்கூட அப்படிப் படுத்திருக்க மாட்டான்.

ஞாயிறு காலை சார் வந்தார். ராக்கெட்போல ஒரு தூண்டில், மடக்கு நாற்காலி, நிழலுக்குக் குடை. அண்ணன் முன்னால் நடந்தார். மூன்று இடத்தில் கால் பழக்கதோஷத்தில் மதகுப் பாதைக்குத் திரும்பியது. மூன்று இடத்திலும் நான் முதுகில் குத்தினேன். கடைசியில் புளியமரத்து முனைக்கு வந்து சேர்ந்தோம். "இதுதான் சார்" என்றார்.  கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

சார் தூண்டில் போட்டார். தக்கை நின்றது. வெயில் ஏறியது. அப்போதும் தக்கை நின்றது. ஒரு தவளை வந்து அதன்மேல் உட்காரப் பார்த்து, மனசு மாறிப் போனது.

எதிர்க்கரையில் எங்கள் தெருக் கறிக்கடை பாய் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மதகடியில் துண்டு இல்லை. ஆச்சரியப்பட்டு அங்கேயே உட்கார்ந்தார். பரோட்டா மாவை உருட்டி முள்ளில் குத்திப் போட்டார்.

போட்டதுதான் தாமதம், தூண்டில் வில்லாக வளைந்தது. தொடை கனத்துக்கு ஒரு கட்லா கெண்டை. அதைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார், இன்னொன்று. பாயின் மனைவி மீனைப் போடப் பாத்திரம் இல்லாமல் பிரியாணி அண்டாவைக் காலி செய்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எனக்கு முன்னாலேயே உறைத்திருந்தது. ஏரியிலிருந்த கெண்டை எல்லாம் பல மாதமாக வாராவாரம் மதகடிக்கு விருந்துக்குப் போய்ப் பழகிவிட்டன. முள் இல்லாத தூண்டிலுக்குக் கீழே, எந்த ஆபத்தும் இல்லாமல், அண்ணன் கையாலேயே தின்று கொழுத்துக் கிடந்தன. அவர் பொய்க்கென்று போட்ட இரையே அந்த இடத்தை நிஜமாக்கிவிட்டது. நிஜமான இடத்தில் ஏரித் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

இது போதாதென்று பாய் எழுந்து நின்று கையை ஆட்டிக் கூவினார்: "புண்ணாக்கண்ணா! உங்க எடம் அருமைண்ணா! பெரிய மனசு பண்ணி இன்னிக்கி எனக்கு விட்டுக் குடுத்தீங்களே, நல்லா இருப்பீங்க!"

சார் மெதுவாகத் திரும்பினார். "அது உன் இடமா?"

"சார்... அது பொய்யான எடம் சார். இதுதான் நெசமான எடம்."

அண்டாவில் மீன் துள்ளுகிற சத்தம் இந்தக் கரைவரைக்கும் கேட்டது.

"நெசமாத்தான் சார்! என் வாழ்க்கையிலயே மொத தடவ நெசம் சொல்றன் சார்!"

சார் குடையை மடக்கினார். நாற்காலியை மடக்கினார்.  அடுத்துக் கேட்டது கார் கதவைச் சாத்திய சத்தம்தான்.

மறுநாள் கம்பெனி வாசலில் மெஷினில் விரல் வைத்தோம். என் விரலுக்குச் சிவப்பு விளக்கு. அண்ணன் விரலுக்கும் சிவப்பு. அவர் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தார், புண்ணாக்கு எண்ணெய்தான் காரணம் என்பதுபோல. லட்டு தின்ற செக்யூரிட்டி எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"விடுண்ணா. உங்க ரெண்டு பேரு பாஸும் வெள்ளிக்கெழமையே நிறுத்திட்டாங்க. திங்கக்கெழம சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க."

வெள்ளிக்கிழமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் தெரிந்தேதான் வந்திருக்கிறார். எங்களைத் துரத்திவிட்டு எங்கள் ஏரிக்கு மீன் பிடிக்க வந்து, நான் சுமந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாங்கி வந்த டீயைக் குடித்திருக்கிறார். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது.  ரோட்டுக்கு வந்த பிறகு அண்ணன் சொன்னார்:

"அநியாயமா ஒரு எடத்தக் காட்டிட்டனேடா."

அடுத்த நாள் ஆள் அறையில் இல்லை. பொழுது சாயும்போது வந்தார். தன் பையைக் கட்டிக்கொண்டே எனக்கு வழி சொன்னார்.

"கிருஷ்ணகிரிக்குப் போ. அவுட்டர்ல மாங்கூழ் கம்பெனி ஒண்ணு கெடக்குது, சீசன் ஆரம்பிச்சிருச்சு. முன் கேட்டுக்குப் போவாத, ஆளு வேணாம்பான். பின் கேட்டுல கொட்டை ஏத்தற டிராக்டர் நிக்கும். அங்க மேஸ்திரியக் கேளு. நாளன்னிக்கி வெள்ளனவே போயி நின்னுக்கோ."

கன்னடக்காரர்களுக்கு ஏரியில் வழி சொல்வாரே, அச்சு அசலாக அதே குரல்.

"நீ எங்கண்ணா போற?"

"மலைமேல, நாட்றாம்பாளையம். அக்கா கொல்லையில ராத்திரில யானைய முடுக்கி வெரட்ட ஆளு இல்லியாம்."

"யானை எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டா அதுக்கும் தப்பாச் சொல்லுவியே."

சிரிப்பார் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் அறுந்த செருப்போடு நான் சூளகிரி தாண்டி நடந்தது. வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். அன்றிரவு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் மாங்கூழ் கம்பெனியைக் கண்டுபிடித்தேன். அவர் பின் கேட் என்று சொல்லியிருந்ததால், புத்திசாலித்தனமாக முதலில் முன் கேட்டுக்குப் போனேன். ஆள் வேண்டாம் என்று விரட்டினார்கள். அப்புறம் பின் கேட்டுக்கு நடந்தேன். டிராக்டர் நின்றது. மேஸ்திரியும் நின்றார்.

"புண்ணாக்கு நாத்தம் அடிக்குமே, அந்தாளு அனுப்பிச்ச பையனா?"

"ஆமாங்க."

"ஒரே ஒரு எடம்தான் இருந்துச்சு. முந்தாநேத்து வந்து கேட்டப்ப அந்தாளத்தான் வரச் சொல்லியிருந்தன். சரின்னு போயி டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தாரு. எனக்கு ஓசூர்லயே சூப்பர்வைசர் வேல கெடச்சிருச்சு, எனக்குப் பதிலா ஒரு பையன் வருவான், போட்டுக்கோங்கன்னாரு. நெசமாவே சூப்பர்வைசரா?"

"ஆமாங்க" என்றேன். "பெரிய கம்பெனி."

கூழ் எடுத்தது போக மிஞ்சுகிற மாங்கொட்டையையும் தோலையும் கூடையில் சுமந்து டிராக்டரில் கொட்ட வேண்டும். அதுதான் வேலை. டிராக்டர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை. சிந்துகிற தோலெல்லாம் அதில் விழுந்து ஊறிக் கிடந்தது. முதல் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். கரையோரம் குமிழி, வரிசையாக.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அங்கே விரித்து, நாலு மூலையிலும் மாங்கொட்டை வைத்தேன்.

டிராக்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, மீன் இருக்குதா இதுல?"

"இல்லீங்க" என்றேன். "எல்லாம் செத்துப்போச்சாம்."

யானை விரட்டுகிற மனிதர் ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வருவார். அதுவரைக்கும் துண்டு அங்கேயே கிடக்கட்டும்.