இரண்டாவது கட்டம்

"டாக்டருக்கு யாரு ஊசி போடுவாங்க?"

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கிளினிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி. ஊசி என்றதும் தெருவையே கூட்டியவள், அழுகைக்கு நடுவில் இதைக் கேட்டாள். பதிலுக்கு டாக்டர் சுவர்க் காலண்டரைக் காட்டி, இந்த மாதம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணச் சொன்னார். நாலாவதற்கு வந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எப்ப ஊசி போடப் போறீங்க?"

"எப்பவோ போட்டாச்சு" என்றார் டாக்டர்.

அந்தச் சிறுமி வளர்ந்து, நர்ஸ் படிப்பு படித்து, அதே கிளினிக்கில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். நோயாளிகளுக்கு அவள் சிஸ்டர். டாக்டருக்கு மட்டும் நாற்பத்தொரு வயதிலும் பாப்பா.

அந்த நாட்களை நினைத்தாலே டாக்டருக்கு நெஞ்சு இளகும். கண்ணாடி பாட்டிலில் மருந்து, அதன் மேல் வேளைக்கு இவ்வளவு என்று பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். நோயாளிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஸ்டெதஸ்கோப், அவ்வளவுதான். இப்போது நடுவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ள வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி அவருக்கு மாதாமாதம் கொடுத்துவிடும். அவருடைய கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரி வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

டாக்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருஷம் தள்ளிவிட்டார். ஒரு திங்கட்கிழமை, கைக்குழந்தைக்கு அரை ஸ்பூன் என்று எழுத வேண்டிய இருமல் மருந்தை இரண்டு ஸ்பூன் என்று எழுதினார். பாப்பா அதைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டு, சாயங்காலம் பழைய சீட்டை அவர் முன்னால் வைத்தாள். அவரால் அப்போதும் அதைப் படிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் பயந்தார். நாற்பது வருஷத்தில் ஆண்டவன் ஒரு குழந்தைக்குக்கூட அவர் கையால் கெடுதல் வரவிடவில்லை. இனி கண் தெளிய வேண்டும், இல்லாவிட்டால் கிளினிக்கைப் பூட்ட வேண்டும்.

கம்பெனிக் கார்டில் அவருடைய குடும்ப டாக்டர் யார் என்று பார்த்தால், அவரேதான். பதியும் நாளில் வேறு யார் பெயரைப் போடுவது என்று தோன்றாமல் போட்டது. சரி என்று தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். தன்னைத் தானே அனுப்பிக்கொள்ள முடியாது என்று நாலாம் நாள் திரும்பி வந்தது.

டாக்டரை மாற்ற ஒரு படிவம் உண்டு. பாப்பா நிரப்பித் தருகிறேன் என்றதற்கு, "நான் என்ன குருடனா?" என்று பிடுங்கிக்கொண்டார். அதில் இரண்டு கட்டம். 'என் டாக்டரை மாற்றுகிறேன்' என்பது முதலாவது. 'என் நோயாளிகள் அனைவரையும் வேறு டாக்டரிடம் ஒப்படைக்கிறேன்' என்பது இரண்டாவது. முதல் கட்டத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து டிக் போட்டு, புது டாக்டராகத் தெருவின் எதிர்வாடையில் இருந்த இளம் டாக்டர் பெயரை எழுதி, கையெழுத்திட்டுப் பாப்பாவிடம் நீட்டினார். அவள் தபாலில் சேர்த்தாள்.

அடுத்த வாரம் கிளினிக்கில் ஈ, காக்கை இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளும் எதிர்வாடை இளம் டாக்டர் வாசலில் நின்றார்கள்.

பாழாய்ப்போன கண்ணு, கட்டம் மாறிப்போச்சு என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்தார். போனை எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"நீங்க இப்ப டாக்டர் லிஸ்ட்லயே இல்ல சார்."

ஆறு பக்கத்தில் காரசாரமாகக் கடிதம் எழுதினார். வரி மேல் வரி ஏறியிருந்ததைப் பார்த்த கம்பெனிக்குப் புதுச் சந்தேகம் வந்தது. லிஸ்டில் திரும்பச் சேர வேண்டுமானால் கண் பார்வைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவரைப் பார்க்கக் குடும்ப டாக்டர் கடிதம் வேண்டும். அவருடைய குடும்ப டாக்டர் இப்போது யார் என்று கேட்டால், எதிர்வாடைதான்.

டோக்கன் பத்தொன்பது. தன் நோயாளிகளுக்கு நடுவில் டாக்டர் தலைகுனிந்து உட்கார்ந்தார். குனிந்த தலைக்கு நேரே ஒருவர் நாக்கை நீட்டினார். இன்னொருவர் முழங்காலைக் காட்டினார். பத்தொன்பதாம் டோக்கன் வருவதற்குள் பதினோரு பேருக்கு வாய்ச்சொல்லாலேயே வைத்தியம் முடிந்துவிட்டது. இளம் டாக்டரோ எழுந்து நின்று கும்பிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடித்துத் தயாராக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கம்பெனியோடு மல்லுக்கட்டியதற்குப் பிறகு லிஸ்டில் பெயர் ஏறியது. நோயாளிகளும் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதாம்.

கிளினிக்கை மறுபடி திறக்கும் நாளில் டாக்டர் அரை மணி முன்னதாகவே வந்து, கண் மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டார். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பாப்பாவின் தலை நரை. இது எப்போது வந்தது என்று மலைத்தார். பிறகு கம்பெனிக் காகிதங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். அந்தப் படிவத்தின் நகல் கையில் வந்தது.

அவர் போட்ட டிக், எந்தக் கட்டத்திலும் விழாமல் ஓரத்தில் முகவரிக்குமேல் கிடந்தது. இரண்டாவது கட்டத்தில் வேறொரு டிக். குருவி வால் மாதிரி நீண்டு மேலே வளைந்திருந்தது. பதினைந்து வருஷமாக மருந்துப் பட்டியலில் அவர் பார்த்துவரும் வால்.

வெளிக்கதவு இன்னும் பூட்டியிருந்தது. அறையில் அவர்கள் இருவர்தான்.

"பாப்பா, இது உன் கைதானே?"

அவள் திரும்பாமல் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். லிஸ்டில் இருக்கிற டாக்டர், தன் டாக்டரை வருஷத்துக்கு ஒரு தடவை, கார்டு புதுப்பிக்கும்போதுதான் மாற்றலாமாம். அதற்கு இன்னும் எட்டு மாசம் இருந்ததாம். நோயாளிகளை ஒப்படைத்துவிட்டால் அன்றைக்கே அவரும் சாதாரண நோயாளியாம். கம்பெனிப் பெண்ணிடம் முன்னமே கேட்டாளாம். எதிர்வாடையிலும் சொல்லி வைத்தாளாம்.

"அப்போ ஆறு வாரமா நான் அவங்களோட போட்ட சண்டையெல்லாம்?"

"நீங்க ஞாயித்துக்கிழமை எண்ணிக்கிட்டு இருந்தீங்க டாக்டர்" என்றாள் அவள். "ஊசி எப்பவோ போட்டாச்சு."