எஸ்றா அமீனா நடத்திய ஜப்தி

"இன்னைக்கு அந்தச் சிவசுப்பிரமணியன் வீட்டுல ஜப்தி பண்ணாமத் திரும்பினேன்னா, என் பேரு எஸ்றா இல்ல!"

"வேற என்ன பேரு வைக்கலாம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ஞானபாய்.

தூத்துக்குடி முன்சீப் கோர்ட்டு அமீனாவுக்கு மனைவியிடம் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். தெருவில் அவர் தலை தெரிந்தால் கடன்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். வீட்டில் ஞானபாய் தலையாட்டச் சொன்னால் இவர் ஆட்டுவார். ஊருக்கு அமீனா, வீட்டுக்கு ஆமென்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. புதுத் துறைமுகம் கட்டியபோது, வேலையாட்களை நம்பி அந்தப் பக்கம் காப்பிக்கடை போட்டவர் சிவசுப்பிரமணியன். கையில் காசு புரண்ட தைரியத்தில், தளவாய் அண்ணாச்சி கடையில் வீட்டுக்கு வேண்டிய சாமானெல்லாம் கடனுக்கு வாங்கிக் குவித்தார். துறைமுகம் எழும்பியது. கூட்டம் கலைந்தது. காப்பிக்கடை படுத்தது. அண்ணாச்சி கோர்ட்டுக்குப் போய், கடனைக் கட்டச் சொல்லி டிக்ரி வாங்கிவிட்டார்.

டிக்ரி வாங்குவது சுலபம். அதைப் பணமாக்குவதுதான் கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்த நாரை உரிக்கத்தான் சர்க்கார் எஸ்றாவுக்குச் சம்பளம் கொடுத்தது.

அவரும் வாரண்டோடு போகத்தான் செய்தார். முதல் தடவை போனபோது அந்த வீட்டில் ஒரு பாயும் நாலு சட்டியும் ஒரு தையல் மெஷினும்தான் இருந்தன. அடுத்த தடவையும் அதே பாய், அதே சட்டி. படுக்கையையும் சமையல் பாத்திரத்தையும் தொழில் கருவியையும் தொடக் கூடாதென்பது சட்டம். வெறுங்கையோடு திரும்பினார். முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் ஒண்ணும் இல்லைன்னு வந்து நின்னீர்னா, உம்மை விளாத்திகுளம் பக்கம் மாத்தச் சொல்லி எழுதிருவேன்."

எஸ்றாவுக்கு முதலில் மீன்தான் ஞாபகம் வந்தது. கரிசல்காட்டில் மீனுக்கு எங்கே போவது? தினமும் மீன் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அமீனாவிலிருந்து மீனை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

இந்தக் கவலையையெல்லாம் அவர் சாயங்காலமானால் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ஞானபாயிடம் சொல்லுவார். நாளைக்கு எந்தத் தெரு, யார் வீடு, சட்டத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எல்லாம் சொல்லுவார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே 'ம்' போடுவாள்.

அந்தச் சாய்வு நாற்காலி சமீபத்தில் வந்தது. "நாசரேத்துச் சித்தி குடுத்தா" என்றாள் ஞானபாய். பின்னாலேயே ஒரு ரேடியோ வந்தது. அதுவும் சித்தி. அப்புறம் கண்ணாடி பதித்த அலமாரி. சித்தி இத்தனை தாராளமானவள் என்று எஸ்றாவுக்கு அதுவரை தெரியாது. இவர்கள் கலியாணத்துக்கே ஒரு எவர்சில்வர் தம்ளரோடு நிறுத்திக்கொண்டவள் அவள்.

சபதம் போட்ட அன்று, சாமானை அடையாளம் காட்டத் தளவாய் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். சிவசுப்பிரமணியன் இல்லை. அமீனா வருகிற நாளெல்லாம் அவருக்கு உப்பளத்தில் வேலை வந்துவிடும். அவர் மனைவி முப்பிடாதி தையல் மெஷினில் உட்கார்ந்து காக்கிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"சாய்வு நாற்காலி எங்க தாயி?" என்றார் எஸ்றா.

"கறையான் தின்னுட்டுய்யா."

"அலமாரி?"

"அதையும்தான்."

"ரேடியோ?"

"அதையும்தான்."

"ரேடியோவக் கறையான் திங்குமா?"

"பெட்டி மரம்தானய்யா? பாட்டுப் பாடுதுன்னு அது பாத்துக்கிட்டா இருக்கும்?"

தளவாய் அண்ணாச்சி பல்லைக் கடித்தார். "ஓய், அந்தத் தையல் மெஷினையாவது தூக்கும்!"

முப்பிடாதி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அது தொழில் கருவி. அத எடுக்கச் சட்டம் இல்ல."

எஸ்றா திடுக்கிட்டார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"தண்ணி பைப்புல பேசிக்கிட்டாங்க."

இரண்டு பேரும் வெயிலில் திரும்பி நடந்தார்கள். எஸ்றாவின் கண்ணுக்கு முன்னால் விளாத்திகுளம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அண்ணாச்சிக்கே பாவமாகிவிட்டது.

"சரி விடும். ஒம்ம வீடு பக்கந்தான? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்."

வந்தார். சாய்வு நாற்காலியில் அப்பாடா என்று சாய்ந்தார். சாய்ந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். கைப்பிடியைத் தடவினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"என்னவே இது? இது என் கடை நாற்காலில்லா! இந்தக் கைச்சட்டம் ஒடஞ்சி, நானே வேற மரத்துல மாத்திப் போட்டேன்!"

எஸ்றா நாற்காலியைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். அதன் கண்ணாடியில் ஒரு மனிதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஏளா ஞானம்! ஒங்க நாசரேத்துச் சித்தி..."

"சித்திக்கென்ன, சொகமாத்தான் இருக்கா." கையில் சுக்குக் காப்பியோடு ஞானபாய் வந்தாள். "குடிங்க அண்ணாச்சி. ஒங்க சாமான்தான். ஒரு கீறல் இல்லாம இருக்கு."

"அமீனா வீட்டுலயே ஒளிச்சு வச்சிருக்கியளா? நான் முன்சீப்புக்கிட்ட போறேன்!"

"போங்க. ஏலம் போடுவாங்க. தமுக்கு அடிக்கக் கூலி, வண்டிக்கூலி, வக்கீல் கூலி போக ஒங்களுக்கு என்ன மிஞ்சும்? நாற்காலிக்கு நாலு காலுதான் மிஞ்சும்."

அண்ணாச்சி யோசித்தார். அந்த அனுபவம் அவருக்கு ஏற்கனவே உண்டு.

"முப்பிடாதி பைப்படியில வந்து அழுதா," என்றாள் ஞானபாய். "ஒங்க சாமான எங்கிட்ட கொண்டு வை, அமீனா இந்த வீட்டுல மட்டும் தேடமாட்டாருன்னேன். ஆனா கடன் பூராவும் அடைஞ்சாத்தான் எடுத்துக்கிட்டுப் போகலாம்னும் சொல்லிட்டேன். துறைமுகத்து ஆளுகளுக்குச் சட்டை தைக்கா. சனிக்கிழமையானா கூலிய எங்கிட்ட குடுத்துருவா. ஒரு சனிக்கிழமை சாக்குச் சொன்னா. அலமாரிய வித்துருவேன்னேன். மறுநாளே கொண்டு வந்துட்டா."

அலமாரியைத் திறந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "பாதிக் கடன் இருக்கு. மிச்சம் கிறிஸ்மசுக்குள்ள வந்துரும். பாதிப் பணம் வந்துட்டுன்னு கோர்ட்டுல சொல்லி வரவு வச்சிருங்க. இவுகளயும் விளாத்திகுளத்துக்கு அனுப்ப மாட்டாக."

தளவாய் அண்ணாச்சி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சிட்டது. டிக்ரி வாங்கிய இத்தனை காலத்தில் காசை அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"யம்மா," என்றார் குழைந்து. "இந்தப் பக்கத்துப் புதுக்கோட்டைல ஒருத்தன், புன்னைக்காயல்ல ஒருத்தன், இப்படி இன்னும் சில டிக்ரி எங்கிட்ட தூங்குது. அதையும் நீயே பாத்துக்கிடுதியா?"

எஸ்றாவுக்குப் பொறுக்கவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருத்தன் இங்கே நின்றுகொண்டிருக்கிறானே!

"அவ வசூல் பண்ணுவாளாம்! அப்ப அமீனாவா இருந்துக்கிட்டு நான் என்னளா செய்ய?"

ஞானபாய் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"நீங்க எப்பவும் போல வீடு வீடாப் போய் மெரட்டுங்க. அப்பத்தான் சாமான் இங்கன வந்து சேரும்."