ருஷ்யா அண்ணாச்சியின் பெரஸ்கினோ

சொந்த ஊரைக் காட்டச் சொன்னால் அடுத்தவன் ஊரைக் காட்டும் டிரைவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில், எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ஜீப் ஓட்டினார். பெயர் எதுவோ; எங்களுக்கு ருஷ்யா அண்ணாச்சி.

இளவயதில் அவர் கப்பல் சமையல்காரர். ருஷ்யத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நிற்க, உடன் வேலை பார்த்த விக்டர் தன் ஊரான பெரஸ்கினோவுக்கு அழைத்துப்போய் ஒரு குளிர்காலம் முழுக்க வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு அண்ணாச்சியின் கண்ணில் வேறு ஊரே படவில்லை.

கப்பல்காரர்களை ஏற்றிக்கொண்டு பனிமய மாதா கோயிலைத் தாண்டும்போதே, "பனி பாக்கணும்னா பெரஸ்கினோவுக்குல்லா போவணும்" என்று தொடங்கிவிடுவார். ஊரே தீப்பிடித்து எரிந்தபோதும் தப்பி நின்ற மணிக்கூண்டு, நார்த்துணி விற்றுச் சீமானான வியாபாரி, அவன் மாளிகையில் நடக்கும் மியூசியம் என்று வண்டி நிற்கும்வரை வரலாறு ஓடும். எங்களுக்கும் தினமும் அதே பாடம்தான்.

"குளிர்ல ஆறு ஒறைஞ்சு, ஆத்து மேல லாரி போவும்லே!"

"அப்ப மீனெல்லாம் எங்கன போவும், அண்ணாச்சி?"

"அது அடியில சொகமா கெடக்கும். ஒன்னைய மாதிரி கேள்வி கேக்காது."

ஒரு வார்த்தையையும் நாங்கள் நம்பியதில்லை.

போன வருஷம் ஒரு ருஷ்யக் கப்பல் வந்தது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆபீசுக்கு வந்த மாலுமியிடம் எல்லோர் முன்னாலும், பெரஸ்கினோ தெரியுமா என்று கேட்டார். அவன் உதட்டைப் பிதுக்கினான். ஆபீசே சிரித்தது. நானும்தான். அண்ணாச்சி வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாலுமிக்கு மனசு கேட்கவில்லை. செல்போனில் தேடினான். பெரஸ்கினோ இருந்தது. மியூசியமும் இருந்தது, நம்பரோடு. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, வீடியோவில் அழைத்தான். ஒரு அம்மாள் எடுத்தாள். அண்ணாச்சி தன் ஓட்டை ருஷ்ய மொழியில் என்னவோ சொல்ல, அவள் போனோடு நடந்துபோய் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே ஒரு முத்துச்சிப்பி. கீழே இருந்த அட்டையை மாலுமி ஆங்கிலத்தில் படித்துச் சொன்னான்: 'தூத்துக்குடி, இந்தியா. கப்பல் சமையல்காரர் தந்தது.'

சிரித்த நாங்களே போனுக்குள் தலையை நீட்டினோம்.

அண்ணாச்சி சிப்பியைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "விக்டர்?" என்றார்.

அந்த அம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் இறந்து நாலு குளிர்காலம் ஆகிறதாம்.

மறுநாள் ஆபீஸ் சார்பில் நான்தான் போய்ப் பேசினேன். "நாங்க டிக்கெட் எடுத்துத் தாரோம், அண்ணாச்சி. ஒரு நட போயிட்டு வாங்க."

"விக்டர் இல்லாத ஊர்ல எனக்கு என்னலே சோலி?"

இப்போது ஓய்வு பெற்று விளாத்திகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு நான் பஸ் ஏறிவிடுகிறேன். அந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.