ஒத்துப்போ, ஒத்திப்போடு

இனிமேல் பகல் நேரத்தில் என் மனைவிக்கு நான் பதில் எழுதுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். கோபமெல்லாம் இல்லை. சோம்பல்தான். சோம்பலுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு கௌரவமான பெயர் உண்டு. தானியக்கம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இல்லை. இது நம் சார்பில் கடிதம் படிக்கும், பதில் எழுதும், நாள் குறிக்கும், படிவம் நிரப்பும். எல்லாம் எங்கோ கிளவுட்டில் இருக்கிற மென்பொருள்கள் வழியாக. ஆனால் இஷ்டத்துக்குச் செய்துவிடாது. எதைச் செய்யலாம், எப்போது செய்யலாம், யாரைக் கேட்டுச் செய்யலாம் என்று ஒவ்வொரு செயலாக ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் நான். செயல்களை வரையறுப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். செயலில் இல்லை, வரையறுப்பதில்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் எவ்வளவு ஆவேசமாக மிதித்தாலும் வண்டி அவள் நினைத்த இடத்தில்தான் நிற்கும். பத்தொன்பது வருடமாக நானும் அந்த வண்டியில்தான் இருக்கிறேன்.

ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறுகிற இடைவெளியில் அவள் எனக்குச் செய்தி அனுப்புவாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். நான் மாலையில் மொத்தமாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன். குழாய்க்கும் கட்டைவிரல், அண்ணனுக்கும் கட்டைவிரல். வீட்டுக்குப் போனதும் சண்டை அந்த விரலில் தொடங்கும்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கென்று ஓர் ஏஜென்டை உருவாக்கினேன். முதலிலிருந்து எழுதப் பொறுமையில்லை. அலுவலகத்தில் என் பெயரில் ஏற்கெனவே இருந்த செயல் தொகுப்பை, பழுது பார்ப்பவரை அழைப்பது முதல் விடுப்புக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாவற்றோடும், அப்படியே நகலெடுத்து, மேலே மூன்றை மட்டும் சேர்த்தேன்.

முதலாவது, 'ஒத்துப்போ'. அவள் ஏதாவது கருத்துச் சொன்னால், 'நீ சொல்றது சரிதான்' என்று பதில் போக வேண்டும். இரண்டாவது, 'ஒத்திப்போடு'. எங்காவது வரச் சொன்னாலோ ஏதாவது செய்யச் சொன்னாலோ, 'அடுத்த வாரம் பாக்கலாம்மா'. இரண்டே சொல்லில் என் இல்லறம் முழுவதும் அடங்கிவிட்டது. மூன்றாவது, பார்க்க இயல்பாக இருக்கட்டுமே என்று சேர்த்தது. தினமும் ஒரு மணிக்கு, 'சாப்பிட்டியாம்மா?'

மூன்று வாரம் வீட்டில் சத்தமே இல்லை. குழாய் சொட்டுவது நின்றிருந்தது. அதுவாகவே நின்றுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். சில மாலைகளில் அவள் கைப்பேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு உள்ளுக்குள் லேசாகக் குத்தும். என்ன இருந்தாலும் எழுதிக் கொடுத்தவன் நான்தானே என்று சமாதானம் செய்துகொள்வேன்.

நான்காவது வாரம், புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்குப் பாடம் நடத்தச் சொன்னார் மேலாளர். ஏஜென்டுக்குத் தேவையான செயலை மட்டும் கொடு, ஒன்றுகூட அதிகமாகக் கொடுக்காதே என்பது பாடம். நடத்தும்போது எனக்கு ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்தில் ஒரு புகார்கூட வராத ஏஜென்டைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லி, வீட்டு ஏஜென்டின் பதிவேட்டைப் பெரிய திரையில் திறந்தேன். வாடிக்கையாளர் என்ற இடத்தில் 'இல்லம்' என்றுதான் இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது.

திரையில் போன வாரம் புதன்கிழமை வந்து நின்றது.

'நாளைக்குக் கண் டாக்டரைப் பாக்கணும். வலது கண் மங்கலா இருக்கு. எதிர்ல வர்ற வண்டியோட வெளிச்சம் சிதறுது. கூட வர்றீங்களா?'

'அடுத்த வாரம் பாக்கலாம்மா.'

'சரி.'

அதற்குக் கீழே வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி.

'சாப்பிட்டியாம்மா?'

'கண்ணுல மருந்து விட்டிருக்காங்க. எழுத்தே தெரியல. வாயால சொல்லித்தான் அனுப்பறேன். தனியா உக்காந்திருக்கறது என்னவோ மாதிரி இருக்கு.'

'நீ சொல்றது சரிதான்.'

பிழை ஒன்றும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை அது எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், அந்தம்மாவுக்கு இப்ப கண் எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை மாலை அவள் கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. சினிமாவில் நடிக்கப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அன்று அவளுக்காக நான் செய்த ஒரே செயல் அதுதான். அதையும் அவள் கேட்ட பிறகுதான் செய்தேன்.

பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் சாப்பாட்டு மேசையில் மாணவர்களின் அட்டவணையை விரித்து வைத்து, இடது கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணை மூடியிருந்தாள். வழியெல்லாம் தயார் செய்திருந்த பேச்சு எனக்கு மறந்துபோயிற்று.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா உனக்குப் பதில் போட்டது நான் இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்தே. ஒரு மணிக்குச் சாப்பிட்டியான்னு கேட்டீங்க. பத்தொன்பது வருஷத்துல கேட்டதே இல்ல. பயந்துபோய் உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி, அவருக்கு உடம்பு எதுவும் சரியில்லையான்னு விசாரிச்சேன். நல்லாத்தான் இருக்காருன்னாங்க. அப்புறம் அதுகிட்டயே நீ யாருன்னு கேட்டேன். சொல்லிடுச்சு."

நீ என்னென்ன செய்வாய் என்றும் கேட்டாளாம். அலுவலகத் தொகுப்பில் இருந்த அத்தனையையும் அது வரிசையாகச் சொல்லியிருக்கிறது. ஒத்திப்போடு என்று ஒன்று இருப்பதையும், அது எப்போதெல்லாம் வரும் என்பதையும்கூட. அதற்குப் பிறகு அவள் வேலை எதையும் பொதுவாகக் கேட்கவில்லை. செயலின் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறாள். பழுது பார்ப்பவரை அழை என்றாள், குழாய்க்கு ஆள் வந்தது. மாடிப்படி விளக்கும் அப்படித்தான் எரிந்தது. அந்தப் படியில் மூன்று வாரமாக வெளிச்சத்தில் ஏறியிருக்கிறேன், எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எல்லாம் தெரிந்தவள், கண் விஷயத்தை ஏன் அதனிடம் போய்ச் சொன்னாள், என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவள் அட்டவணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"சொன்னேங்க. அன்னிக்குக் காலையில, நீங்க ஷூ மாட்டிக்கிட்டிருந்தீங்க. செய்தியா அனுப்பிடு, இல்லன்னா மறந்துடுவேன்னு சொன்னீங்க."

ஷூவின் கயிறு முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது நினைவிருந்தது. நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்று ஏதோ பேசியதும் நினைவிருந்தது. என்ன பேசினாள் என்பது மட்டும் இல்லை.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்துக் கேட்பதால் என் குரலே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கண்புரையாம். இந்த வயதில் சிலருக்கு வருமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காலையில் போனால் மதியத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் கட்டுப் பிரிக்க வரவேண்டும், சில நாளுக்குச் சொட்டு மருந்து, குனியக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. மற்றவர்களுக்கு ஓட்டுகிற விதத்தை விளக்குகிற அதே குரலில் சொன்னாள். கடைசியில், தனியாக வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

இத்தனை வருடத்தில் அவள் கேட்ட எத்தனை 'வர்றீங்களா' என் கையால் அடுத்த வாரத்துக்குப் போயிருக்கும் என்று தோன்றியது. அதற்கெல்லாம் ஏஜென்ட் காரணமில்லை. அது வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"நான் வர்றேன்," என்றேன். "செவ்வாய்க்கிழமை மட்டும் இல்ல. வெள்ளி வரைக்கும் வீட்டுலயே இருக்கேன். சொட்டு மருந்து நான் விடறேன். இப்பவே லீவு போடறேன், பாரு."

"ம்," என்றாள். பென்சிலை எடுத்து அடுத்த வாரத்தில் மிச்சமிருந்த வகுப்புகளை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். என் பேச்சுக்காக அவள் காத்திருந்த மாதிரியே தெரியவில்லை. ஏற்கெனவே நான்கு நாள் அடிக்கப்பட்டிருந்தது.

இருந்தாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஒத்திப்போடாமல் செய்கிறேன் என்ற நிறைவோடு மடிக்கணினியைத் திறந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. விடுப்புப் பக்கத்துக்குப் போனேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாளும் போன வெள்ளிக்கிழமையே என் பெயரில் விண்ணப்பிக்கப்பட்டு, மேலாளரின் ஒப்புதலும் கிடைத்திருந்தது.

காரணம் என்ற கட்டத்தில், 'மனைவியோடு இருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது' என்று எழுதியிருந்தேன்.