திரைச்சாமியின் மணி

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் மதுரைப் பேய்கள் புளியமரத்தைக் காலி செய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடியேறின. நம்பாதவர்கள் ஆரப்பாளையத்தில் திரைச்சாமி தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சி.பி.யு. காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் துண்டால் போர்த்தி வைத்திருந்தார்கள்.

நோய் எல்லோருக்கும் ஒன்றுதான். பத்திரிகையோடு ஓசியில் வந்த சி.டி.யிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டார்கள். எழுத்து வந்தது, படம் வரவில்லை. ஜன்னலும் பொத்தானும் வரவேண்டிய திரை கன்னங்கரேலென்று கிடந்தது. கிராபிக்ஸ் கார்டு விற்ற கடைக்காரர் கையை விரித்தார். செய்த கம்பெனியோ காதே கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட இடைவெளியில்தானே சாமிகள் முளைக்கிறார்கள்.

திரைச்சாமி, பூர்வாசிரமத்தில் சோழவந்தான் முத்திருளன், மதபேதம் பார்க்காதவர். மற்றவர்கள் மிஷினுக்கு எலுமிச்சம்பழம். சேக் மைதீன் பாய் கடை மிஷினுக்குச் சாம்பிராணி. தட்சிணை மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

வில்லாபுரத்தில் ஜனகராஜ் நடத்திய பயிற்சி மையத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டும் இருட்டு. சனிக்கிழமை சாமி எழுந்தருளினார். முதல் மிஷினைச் சிவப்புத் துணியால் மூடித் தானும் உள்ளே புகுந்தார்.

"எல்லாரும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கங்க. இங்கிட்டுப் பாத்தா கண்ணு அவிஞ்சிரும்."

மணி கணகணவென்று அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. துணியை விலக்கினால், நீலத்திரையில் ஜன்னல்கள்.

ஜனகராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மிச்சம் பதினொண்ணு சாமி?"

"திங்கக்கெழம வாரேன். ஆனா தோசம் மிஷின்ல மட்டும் இல்ல. தெக்க பாத்து உக்காந்து பாடம் நடத்துறாகளே, அவுக இருக்க வரைக்கும் படம் நிக்காது."

அவுக என்றால் அமீருன்னிசா, மையத்தின் ஒரே ஆசிரியை. ஜனகராஜ் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. திங்கக்கெழமையோட நின்னுக்கயேன்."

"நாற்காலியத் திருப்பிப் போட்டாப் பத்தாதாண்ணே?"

"சாமி சொன்னது ஆளை."

வேலை போவதைவிட ஒரு விஷயம் அவளை அரித்தது. மணி ஏன் நடுநடுவே நின்றது? ஒரு கையால் மணி அடிக்கிறவருக்கு இரண்டு கையும் எதற்குத் தேவைப்பட்டது?

ஞாயிற்றுக்கிழமை காலை மையத்தைத் திறந்தாள். திரைக்கான ஏற்பாடுகளை எழுதி வைத்திருக்கும் கோப்பை, தெளிந்த மிஷினிலிருந்து ஒன்றும் தெளியாததிலிருந்து ஒன்றுமாக அச்செடுத்தாள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லா வரியும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. கார்டோடு பேசவேண்டிய டிரைவர் என்ற மென்பொருளின் பெயர் இருக்கும் வரி அது. தெளியாததில், கார்டு வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து யாரோ போட்ட தப்பான பெயர். தெளிந்ததில் 'வெசா'. அநேகமாக எல்லாக் கார்டுக்கும் ஓரளவு புரிகிற பொதுப் பாஷை. அம்புட்டுத்தான் அருள்.

திங்கட்கிழமை கூட்டம் தெருவரை நின்றது. சாமி இரண்டாவது மிஷினுக்குத் துணி போர்த்தினார். அமீருன்னிசா பின்பக்கம் போய்க் கீபோர்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இப்ப அடிங்க சாமி மணிய."

"கீபோர்டக் குடும்மா."

"மந்திரத்துக்கு எதுக்கு சாமி கீபோர்டு?"

"சக்தி எறங்க ஒரு வழி வேணும்ல."

"அப்ப எலுமிச்சம்பழம்?"

"வேணும்னா சாம்பிராணி கூடக் கொஞ்சம் போட்டுக்கங்க," என்றார் பின்வரிசையில் சேக் மைதீன்.

மணி அடித்தது. இம்முறை நிற்கவே இல்லை. கால்மணி நேரம் அடித்தும் திரை கரிச்சட்டிதான். பழம் மட்டும் உருண்டு மேசைக்கடியில் ஒளிந்தது.

அவள் மூன்றாவது மிஷினில் உட்கார்ந்தாள், தெற்குப் பார்த்தே. "எல்லாரும் இங்கிட்டே பாருங்க." ஒரு சொல்லை அழித்தாள். ஒரு சொல்லை அடித்தாள். ஜன்னல்கள் வந்தன.

"யாருக்காச்சும் கண்ணு அவிஞ்சிருச்சா?"

எல்லோரும் சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். மணி இருந்தது. சாமி இல்லை.

"நீ இருந்துக்க தங்கச்சி," என்றார் ஜனகராஜ், தரையைப் பார்த்து.

ஊருக்கே பயன்படட்டும் என்று அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி வாசலில் ஒட்டினாள். மறுநாள் வந்து பார்த்தால், தாளின்மேல் சந்தனம், குங்குமம், இரண்டு முழம் மல்லிகை. பக்கத்தில் ஜனகராஜ் கைகூப்பி நின்றார்.

அமீருன்னிசா முந்தானையால் துடைத்தாள். "பொட்டு வச்சா எழுத்து மறையுதுண்ணே. கும்பிடவா ஒட்டுனேன்? படிங்க."