மாமனார் செருமிய கார்

நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு நோய் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஒருநாள் ஸ்பேனர் செட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் முதல் அறிகுறி. சிலர் தண்ணீர்க் குழாயோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலருக்கு மிக்ஸி வரைக்கும் போகும். எனக்கு முற்றிப்போய், இறந்துபோன மாமனாரின் ஸ்போர்ட்ஸ் காருக்கு நானே கிளட்ச் மாற்றினேன். (இந்த 'நானே'யை என் மனைவி சுமதி எப்படி இழுத்துச் சொல்வாள் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.)

மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டியவர். ராஜபாளையத்து மில் முதலாளி வீட்டுப் பையன் ஒருவன் ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் விற்ற கார் அது. சிவப்பு நிறம், திறந்து மூடும் கூரை, இரண்டே இருக்கை. காற்றாய்ப் பறப்பதற்கென்று செய்யப்பட்ட வண்டியை மாமனார் மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும்தான் எடுப்பார். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும், மாப்பிள்ளையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், அவர் நடக்கிற வேகத்தில், கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊரைச் சுற்றி வருவார். சிறுத்தையைப் பிடித்துச் செக்கில் பூட்டிய மாதிரி இருக்கும். அந்தப் பாதி மிதியிலேயே கிளட்ச் தேய்ந்து தீர்ந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் வேலை செய்தாலும் பின்னால் வந்து நிற்பார். தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். "கர்ர்ர்... க்." கொத்தனார் வைத்த செங்கல்லைத் திருப்பி எடுப்பார். நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன். கார்ச் சாவியை அவர் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. "மாப்பிள்ளை, நீங்க பக்கத்துல உக்காருங்க. அதுவே போதும்" என்பார்.

ஒரு மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கார் வீட்டோடு ஒட்டிய தகரச் செட்டில் நின்றது. செட்டுச் சுவரில் அவர் படத்தை மாலையோடு மாட்டி, அதற்குக் கீழே ஆணியில் சாவியைத் தொங்கவிட்டார் என் மாமியாரான அத்தை. ராணுவ உடையில், மீசைக்கு மேலே இரண்டு கண்களும் நேராகக் காரைப் பார்க்கிற மாதிரியான படம்.

வருஷம் திரும்பியதும் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மம்சாபுரத்து மாப்பிள்ளை, பெயர் பிரபு. அத்தை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அவிய கடைசியா ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். சின்னவ மாப்பிள்ளை இந்தக் கார்லதான் ஊர்வலம் வரணும்னாவ. எப்படியாவது ஓட வச்சிருங்க மாப்பிள்ளை. நீங்கதான் ஓட்டணும்."

ஆணியில் இருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நான் படத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

மாமனார் தன் காரைத் தொடவிட்ட ஒரே மெக்கானிக், ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் செல்லப்பாண்டி. தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசுவதில் அவனுக்கு இணை கிடையாது.

"கிளட்ச் பிளேட்டு போச்சு அண்ணாச்சி. கியர்பாக்ஸ இறக்கித்தான் மாத்தணும். இந்த வண்டியத் தொட இந்த ஜில்லாவுல என்னைய விட்டா ஆளு ஏது?" என்று சொல்லி ஒரு கூலியும் சொன்னான்.

கூலி கூட உறுத்தவில்லை. 'ஆளு ஏது' என்றதுதான் உறுத்தியது. அன்றைக்கே செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் விசில் அடித்தபடி இதே காரின் கிளட்சை மாற்றினார். அவர் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. இவரால் முடியும் என்றால் என்னாலும் முடியும் என்று தோன்றியது. (அவருக்குத் தொழில் அது என்பதும், எனக்குத் தொழில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஆங்கிலக் கடிதம் எழுதுவது என்பதும் தோன்றவில்லை. காயங்களுக்கும் எனக்கும் அதுவரை கடிதப் போக்குவரத்து மட்டும்தான்.)

செட்டில் காரை முட்டுக் கொடுத்துத் தூக்கி அடியில் படுத்தேன். கியர்பாக்ஸ் கழன்று வந்து, பாலுக்கு அழுது ஓய்ந்த பிள்ளை மாதிரி என் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது. என்னால் நகர முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

வெளியே சுமதியின் கால்கள் தெரிந்தன. "ஏங்க, உசுரோடதான இருக்கீய?"

"ம்."

"சத்தமே இல்லையேன்னு கேட்டேன்."

புது பிளேட்டைப் பொருத்தி, கியர்பாக்ஸை முட்டிமோதி ஏற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரை அதன் இடத்தில் திருகி, குறுக்கே தொங்கிய ஒயர் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் இறுக்கினேன். வண்டி கிளம்பியது. கியர் விழுந்தது. வீட்டைச் சுற்றி வந்தேன். புத்தகம் படிப்பவனால் எதுவும் முடியும் என்று அத்தையிடம் நிதானமாக விளக்கினேன்.

அந்தக் காரில் ஹேண்ட்பிரேக் இறுகப் பிடிக்காது. அதனால் காரை செட்டில் கியரிலேயே போட்டு நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றுத் தூக்கைத் திறந்தேன். உச்சி வெயில். தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய் கூட இல்லை.

"கர்ர்ர்... க்."

என் கை தூக்குக்குள்ளேயே நின்றது. செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடும் பழைய பழக்கம். பிறகுதான், செருமியவர் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. படம் இருந்தது. சாவி ஆணியில் இருந்தது.

"கர்ர்ர்ர்..."

கார் ஒரு சாண் முன்னால் வந்தது.

செட்டுத் தரை பின்பக்கம்தான் சரிவு. அதாவது கார் மேட்டில் ஏறி என்னை நோக்கி வந்திருந்தது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்பதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களை எழுதிய ஒருவரும் என் மாமனாரைச் சந்தித்ததில்லை. நான் தூக்கைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

"என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் சுமதி.

"வெயில்" என்றேன்.

மறுநாள் செல்லப்பாண்டியை வரவழைத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். செண்பகத்தோப்பு ரோட்டில் மலையடிவாரம் வரை ஓட்டினான். "பரவால்லையே அண்ணாச்சி, நாமளே போட்ட மாதிரி இருக்கு" என்று தன்னையே பாராட்டிக்கொண்டான். வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, டயருக்கு ஒரு கல்லைக் கொடுத்து, சாவியைச் சுண்டுவிரலில் சுழற்றியபடி பீடி பற்றவைத்தான். மரங்களில் காற்று நின்றிருந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குரங்குகளும் ஏனோ அடங்கியிருந்தன.

"கர்ர்ர்... க்."

செல்லப்பாண்டி பீடியைக் கீழே போட்டான். அவனும் பல வருஷம் அந்தச் செருமலுக்குக் கட்டுப்பட்டு நட்டு கழற்றியவன். காரைப் பார்த்தான், சுண்டுவிரலில் தொங்கிய சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி... பெரியவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொட்டீயளா?"

"எப்படிடே கேக்க?"

"படத்து முன்னாடி நின்னாவது கேட்டிருக்கலாம்லா?" சாவியை என் சட்டைப் பையில் போட்டான். "எனக்கு மம்சாபுரத்துல ஒரு சோலி கெடக்கு. நான் வாரேன்." வந்துகொண்டிருந்த பால்வண்டியில் ஏறி எதிர்த்திசையில் போய்விட்டான். மம்சாபுரம் அந்தத் திசையில் இல்லை.

நான் மட்டும் ஓட்டி வந்தேன். பக்கத்து இருக்கையை ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு கார் பிடித்துவிடலாம் என்று அத்தையிடம் சொல்லத்தான் போனேன். அவர் காருக்குக் கட்ட மல்லிகைச் சரம் அளந்துகொண்டிருந்தார். "அவிய பாத்துக்கிட்டுத்தான் இருப்பாவ" என்றார் சந்தோஷமாக. நான் அப்படியே திரும்பினேன்.

ஊர்வலம் மடவார் வளாகத்துக் கோயிலில் இருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பியது. பிரபு இருக்கையின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து கும்பிட்டபடி வந்தான். நாதஸ்வரம் நடந்தது, நானும் கிளட்சைப் பாதி மிதித்து நடந்தேன். ஒரு தெருமுனையில் மேளக்காரர்கள் நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்ஜின் சூடாகிவிட்டது. அணைத்துவிட்டுக் கியரில் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, கடையில் ஒரு சோடா வாங்கினேன்.

"கர்ர்ர்..."

மேளச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. திரும்பினேன். ஓட்டுநர் இருக்கை காலி. மாப்பிள்ளை கும்பிட்ட கையோடு மேலே. கார் ஒரு சாண் போனது, நின்றது, செருமியது, இன்னொரு சாண் போனது. முதலில் தவில் நின்றது. பிறகு நாதஸ்வரம் ஒரு நீளமான முனகலோடு நின்றது. அந்த அமைதியில் கார் மட்டும் செருமிச் செருமி, அவர் எப்போதும் ஓட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே... யாரு ஓட்டுதா?" என்றான் பிரபு, உதடு அசையாமல்.

நான் சாவியை உயர்த்திக் காட்டினேன். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

"ஆத்தி, மாமா வந்துட்டாவ!" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். தெரு இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் பின்னால் போக, ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். அத்தை. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு எதிரே நின்றார்.

"இந்தா பாருங்க, எம்புட்டு நேரம் செருமுவீய? சாவியக் குடுத்தது நானு. மூத்த மாப்பிள்ளை மேல என்ன கோவம்? ஆசப்பட்ட மாதிரி மாப்பிள்ளைய ஏத்தியாச்சுல்லா? உங்க மக மண்டபத்துல காத்துக்கிட்டுக் கெடக்கா." குரல் ஒரு கணம் உடைந்தது. "நில்லுங்க. சொல்லுதேன்ல, நில்லுங்க."

கார் நின்றது.

போனட்டுக்கு அடியில் இருந்து மெல்லிய புகை எழுந்தது. சுருட்டு வாசனை என்றார்கள் சிலர். மாமனார் சுருட்டே குடித்ததில்லை. (போன இடத்தில் பழகியிருக்கலாம் என்றது கூட்டம்.) வண்டி மறுபடி கிளம்பவில்லை. மாப்பிள்ளையை இறக்கிவிடலாம் என்றார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டத் தெரியாத அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "தள்ளுங்க" என்றார். நான் கியரை நியூட்ரலுக்கு மாற்றினேன், அன்று செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. மண்டபம் வரை பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே போனேன். அத்தை ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. பக்கத்தில் யாரிடமோ ஏதோ மெல்லப் பேசிக்கொண்டே வந்தார். பிரபுவிடம்தான் என்று அப்போது நினைத்தேன். தன்னிடம் இல்லை என்று அவன் பிறகு சொன்னான்.

கல்யாணம் முடிந்ததும் செல்லப்பாண்டி வந்து அடியில் புகுந்து, கருகிய ஒயர் ஒன்றை இழுத்துப் போட்டான். நான் ஓரமாகத் தள்ளிய அதே ஒயர். ஸ்டார்ட்டருக்குப் போவது. நசுங்கி, சூட்டில் உறை இளகி, பக்கத்துப் பேட்டரி ஒயரைத் தொடும்போதெல்லாம் சாவியில்லாமலே ஸ்டார்ட்டர் சுற்றிச் செருமியிருக்கிறது. கியரில் இருந்தால் வண்டியும் நகர்ந்திருக்கிறது.

"செண்பகத்தோப்புலயே எனக்கு ஸ்டார்ட்டர்னு தெரியும்" என்றான்.

"பொறவு ஏம்டே ஓடுன?"

"தெரிஞ்சா பயம் வராதா அண்ணாச்சி?"

இதில் என் பங்கையும் அவனே சொன்னான். பழைய கிளட்சாக இருந்தால் வழுக்கிவிட்டிருக்கும், கார் அங்குலம் கூட நகர்ந்திருக்காது. நான் மாற்றிய கிளட்ச் அவ்வளவு அருமையாகப் பிடித்திருக்கிறது.

அத்தை ஒயரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. ஒயருன்னே வச்சுக்கிடுவோம். நான் நில்லுன்னதும் ஏன் நின்னுச்சு?" அப்போதுதான் அது எரிந்து அறுந்தது என்றேன். "அதான், ஏன் அப்ப?" என்றார்.

இன்றைக்கும் நான் வீட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் போதும், சகலை பிரபு பின்னால் வந்து நின்று "கர்ர்ர்... க்" என்பான். நான் கீழே போடுவேன். வீடே சிரிக்கும். போன வாரம் அத்தை வீட்டில் சுவிட்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோதும் கேட்டது. "போதும் சகலை, பழைய ஜோக்கு" என்று திரும்பாமலே சொன்னேன்.

"யாருகிட்ட பேசுதீய?" என்றாள் சுமதி அடுக்களையில் இருந்து. "பிரபு ஊருக்குப் போயி ரெண்டு நாளாச்சே."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மெயினை அணைக்காமல் இதைத் தொட இருந்தது யார் என்று கேட்டார்.